வசந்த காலத்துக்கு ஜெர்கின் வாங்கும் வெயிலூர்க்காரருக்கு

வேலூரில் பிறந்து வளர்ந்தவனுக்குக் குளிர் என்றால் மார்கழி விடியலில் பால் வாங்கப் போகும்போது காதில் படுகிற காற்று, அவ்வளவுதான். அந்த அனுபவத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஏப்ரல் மாதத்தில் ஜெர்மனிக்குப் போனேன். நான் வேலை செய்வது ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடும் டேனரி ஒன்றில். புது மெஷின் வருகிறது, மூன்று வாரம் இருந்து கற்றுக்கொண்டு வா என்று அனுப்பினார்கள். "குளிர் நாடுப்பா" என்று ஆளாளுக்குப் பயமுறுத்தியதில், கடையில் இருந்ததிலேயே தடிமனான பஞ்சு ஜெர்கினை 3,400 ரூபாய்க்கு வாங்கினேன். அன்று சாயங்காலம் தெருமுனை மளிகைக்கடைத் தராசில் விளையாட்டாக வைத்துப் பார்த்தோம். 1 கிலோ 350 கிராம். "பருப்பு மூட்டையைத் தோள்ல போட்டுக்கினு போறீங்க" என்று கடைக்காரர் சிரித்தார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அங்கே காலை 7 மணிக்கு டிராம் நிறுத்தத்தில் நிற்கும்போது சொர்க்கமாகத்தான் இருந்தது. டிராமுக்குள் ஏறினால் ஹீட்டர். ஐந்தே நிமிடத்தில் முதுகு தெப்பலாக நனைந்தது. மதியம் நல்ல வெயில். கழற்றினால் தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல் கையில் தூக்கிக்கொண்டே நடக்க வேண்டும். மூன்றாம் நாள் தூறல். வெளித்துணி தண்ணீரைக் குடித்து, உள்ளே இருந்த பஞ்சு ஊறி, ஹோட்டல் அறையில் இரண்டு நாள் தொங்கியும் காயவில்லை. கடைசியில் அங்கேயே 60 யூரோ கொடுத்து மெல்லியதாக ஒன்று வாங்கினேன். அந்த வாரம் ராத்திரிச் சாப்பாடு ரொட்டியும் வாழைப்பழமும்தான்.

திரும்பி வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். லண்டனுக்கு நர்ஸ் வேலைக்குப் போகும் மச்சான், ஏப்ரலில் ஜெர்மனியில் செமஸ்டர் தொடங்கும் நண்பரின் பையன், கல்யாணமான கையோடு காஷ்மீருக்கு டிக்கெட் போட்ட ஆபீஸ் தம்பி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். ஆண்களுக்கான ஜெர்கின் பற்றி மட்டும்தான். பெண்களுக்கானதை நான் வாங்கிப் பார்த்ததில்லை.

முதலில் ஒரு சின்ன விஷயம். நம்மூர்க் கடையில் போய் "ஜாக்கெட் காட்டுங்க" என்று கேட்டால் பிளவுஸ் பிட் இருக்கும் பக்கம் கை காட்டுவார்கள். "ஜெர்கின்" என்றுதான் கேட்க வேண்டும். ஆனால் ஜெர்கின் என்றதும் பைக்காரர்கள் போடுகிற தடித்ததைத்தான் எடுத்துப் போடுவார்கள். "உள்ள பஞ்சு வேணாம், மெல்லிசா, காத்து பூராதது" என்று சேர்த்துச் சொல்லுங்கள். விண்ட்சீட்டர் என்றாலும் புரியும்.

1. போகிற ஊரில் விடியற்காலை எத்தனை டிகிரி?

"அங்க குளிருமா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். டிசம்பரில் போனவர் ஒரு கதை சொல்வார், ஜூனில் போனவர் வேறு கதை சொல்வார். நீங்கள் போகும் ஊர், போகும் வாரம், அந்த வாரத்தின் குறைந்தபட்ச வெப்பநிலை, இந்த மூன்றும்தான் வேண்டும். செல்போனில் தேடினால் கிடைக்கும்.

தோராயமாகச் சொன்னால், ஏப்ரலில் ஃபிராங்க்ஃபர்ட், லண்டன் இரண்டிலும் மதியம் 15 டிகிரியை ஒட்டி இருக்கும், விடியற்காலை 5-ஐ ஒட்டி இறங்கும். டோக்கியோவில் மதியம் 19, விடியலில் 10. ஸ்ரீநகரில் மதியம் 20, விடியலில் 7 அல்லது 8. நமக்கு ஏப்ரலில் ராத்திரி 12 மணிக்கே 28, 29 இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்களைப் படித்தால் பயம் வரத்தான் செய்யும். அந்தப் பயத்தில்தான் நான் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் தூக்கிக்கொண்டு போனேன்.

விடியலில் 5 டிகிரிக்கு மேல், மதியம் 20-க்குள் என்றால் மெல்லிய ஜெர்கின் தாராளமாகப் போதும். பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் ஊர் என்றால், கனடாவுக்கு மார்ச்சில் போவதுபோல, நீங்கள் வாங்க வேண்டியது வேறு சாமான். இந்தக் கட்டுரை அதற்கு உதவாது.

காற்றையும் கணக்கில் சேருங்கள். மார்கழியில் பாலாற்றுப் பாலத்தின் மேல் காட்பாடிக்கு பைக் ஓட்டியவருக்கு விளக்கவே வேண்டாம். பாலத்துக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் நிற்கும்போது இல்லாத குளிர், வண்டி 40-இல் போகும்போது எலும்பில் இறங்கும். வெப்பநிலை ஒன்றேதான், காற்றுதான் வித்தியாசம். அங்கேயும் 8 டிகிரி, மிதமான காற்று வீசினால் 5 போலத்தான் உடம்புக்குத் தெரியும். ஏப்ரல் தன் இஷ்டத்துக்கு ஆடும் என்று ஜெர்மன்காரர்கள் பழமொழியே வைத்திருக்கிறார்கள். ஒரே நாளில் வெயில், தூறல், ஆலங்கட்டி மூன்றையும் நானே பார்த்தேன்.

2. சூடு உள்ளே, காற்றுத் தடுப்பு வெளியே

இதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் சுலபம். வசந்த கால ஜெர்கினின் வேலை காற்றையும் தூறலையும் தடுப்பது. உடம்பைச் சூடாக வைப்பது உள்ளே போடுகிற துணியின் வேலை. இரண்டு வேலையையும் ஒரே ஜெர்கினிடம் கொடுத்தால் டிராமுக்குள் ஏறியதும் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும். அடுக்கடுக்காகப் போட்டால் தேவையானதை மட்டும் கழற்றலாம்.

உள்ளே வழக்கமான காட்டன் பனியன் போட்டு, வேகமாக நடந்து வியர்த்துவிட்டால் அது ஈரமாக ஒட்டிக்கொண்டு அப்புறம் குளிரெடுக்கும். விளையாட்டு உடைக் கடையில் கிடைக்கும் முழுக்கை பாலியெஸ்டர் டீ-ஷர்ட் இரண்டு, மெல்லிய ஃபிளீஸ் அல்லது உல்லன் ஸ்வெட்டர் ஒன்று. மொத்தம் 1,500 முதல் 2,000 ரூபாய்க்குள் முடியும். மார்கழி, தை மாதங்களில் ஸ்வெட்டர் கடை போடுவார்களே, அங்கே வாங்கும் மெல்லிய ஸ்வெட்டரே போதும். ஜெர்கினுக்கான பணத்தில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

3. துணியைப் பாருங்கள், மாடலை அப்புறம் பார்க்கலாம்

கடைக்காரர் பாம்பர், ஹாரிங்டன், ட்ரக்கர் என்று அடுக்குவார். பாம்பர் என்றால் இடுப்பிலும் மணிக்கட்டிலும் இழுபடும் பட்டி வைத்தது. ஹாரிங்டன் என்றால் நிமிர்ந்து நிற்கும் காலரும் முன்னால் ஜிப்பும் உள்ளது. ட்ரக்கர் பெரும்பாலும் ஜீன்ஸ் துணியில் வரும். இவையெல்லாம் வெட்டின் பெயர்கள்தான். ஒரே பாம்பர் வெட்டில் மெல்லிய நைலானும் வரும், பஞ்சு அடைத்ததும் வரும். அதனால் உள்பக்கத் தையலில் இருக்கும் சின்ன லேபிளைத் திருப்பிப் படியுங்கள். என்ன துணி, என்ன லைனிங், எப்படித் துவைப்பது எல்லாம் அதில்தான் இருக்கிறது. லேபிளே இல்லாத சரக்கை எடுக்காதீர்கள்.

காட்டன், ஜீன்ஸ் துணிகள்: பார்க்க அழகு, மூச்சு விடும். ஆனால் நனைந்தால் கனக்கும், காய ஒரு நாள் ஆகும். காஷ்மீர் போகும் புது மாப்பிள்ளைக்குப் பரவாயில்லை, போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். தினமும் டிராமுக்கு நிற்க வேண்டியவருக்கு ஒத்துவராது.

நைலான், பாலியெஸ்டர் விண்ட்சீட்டர்: 250 முதல் 400 கிராம்தான் இருக்கும். சுருட்டினால் ஒரு சொம்பு அளவு. காற்றைத் தடுக்கும். என் ஓட்டு இதற்குத்தான்.

மெல்லிய பஞ்சு வைத்தது: விடியலில் வெளியே நின்று வேலை செய்பவருக்கு. சதுர மீட்டருக்கு 60 கிராம் என்று போட்டிருந்தால் மெல்லியது. 100-க்கு மேல் போனால் நம் உடம்புக்கு ஏப்ரலில் வேகும். வாத்து இறகு அடைத்தது எடை குறைவு, சூடு அதிகம், விலையும் அதிகம். நனைந்தால் இறகு கட்டிக்கொண்டு சூடு போய்விடும். மழை பெய்கிற ஊருக்குச் செயற்கைப் பஞ்சே மேல்.

இப்போது பெரிய பொறி. அட்டையில் "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்று இருந்தால் கொஞ்ச நேரத் தூறல் தாங்கும், அவ்வளவுதான். "வாட்டர்ப்ரூஃப்" என்று இருந்தால்தான் மழை தாங்கும். அதிலும் ஒரு எண் போட்டிருப்பார்கள், ஒழுகாமல் துணி தாங்கும் தண்ணீரின் உயரம் அது. 5,000 மில்லிமீட்டர் என்றால் லேசான மழை, 10,000 என்றால் நிஜ மழை. எண் எவ்வளவு பெரிதானாலும் உள்பக்கம் தையல் கோட்டின்மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டேப் இல்லாவிட்டால் தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஊசி ஊசியாக இறங்கும். என்னுடைய பஞ்சு ஜெர்கினில் டேப்பும் இல்லை, எண்ணும் இல்லை. விற்றவர் "மழைக்குக்கூட போடலாம் சார்" என்றார். எந்த ஊர் மழை என்று நானும் கேட்கவில்லை.

கடையிலேயே இரண்டு சோதனை செய்யலாம். ஒன்று, துணியை வாயில் ஒட்டி வைத்து ஊதுங்கள். மறுபக்கம் உள்ளங்கையில் காற்று பட்டால் காற்றைத் தடுக்காத துணி. கடைப் பையன் ஒரு மாதிரி பார்ப்பான், பரவாயில்லை. இரண்டு, அனுமதி கேட்டு, கைப்பகுதியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சேம்பு இலையில் ஓடுவதுபோல் முத்தாக உருண்டால் நல்லது. ஒரு நிமிடத்தில் துணி கறுத்து உறிஞ்சினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஜிப்பைப் பத்து முறை ஏற்றி இறக்குங்கள். வளைவில் மாட்டுகிற ஜிப், விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசையில்தான் கழன்று கையோடு வரும்.

4. தோல் ஜெர்கின் ஆசை இருந்தால்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று நம்மைச் சுற்றித் தோல் கம்பெனிகள். "உங்க ஊர்லயே தோல், சும்மா கிடைக்குமே" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கிடைக்காது. இங்கே பெரும்பாலும் ஓடுவது ஷூ தோலும் ஷூவும்தான். ஜெர்கினுக்கு வேண்டியது ஆட்டுத் தோலில் செய்த மெல்லிய நப்பா. தடிமன் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர். ஷூவுக்குப் போகிற மாட்டுத் தோல் ஒரு மில்லிமீட்டருக்கு மேல். அதைத் தைத்துப் போட்டால் கவசம் மாட்டிய மாதிரி இருக்கும். பைக் ரேஸ்காரர்களுக்குச் சரி.

தெரிந்தவர் மூலம் தோல் வாங்கித் தைக்கிறவர்கள் உண்டு. ஒரு ஆள் ஜெர்கினுக்கு 30 முதல் 40 சதுர அடி தோல் போகும். ஒரு செம்மறி ஆட்டுத் தோல் ஐந்தாறு சதுர அடி என்றால் ஆறேழு தோல் ஆயிற்று. ஆறும் ஒரே டிரம்மில் சாயம் ஏறியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கடையின் குழல்விளக்கில் ஒரே கறுப்பாகத் தெரிந்தது வெயிலில் வந்ததும் இடது கை ஒரு கறுப்பு, வலது கை ஒரு கறுப்பு என்று காட்டிக்கொடுக்கும். தோலை எடுப்பதற்கு முன் வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். தைக்கிறவரும் தோல் தைத்துப் பழகியவராக இருக்க வேண்டும். துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி போட்ட ஓட்டை போட்டதுதான். எல்லாம் சேர்ந்து கையில் வர ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெடிமேடாக வாங்கினால் அடுத்த பொறி ரெக்சின். "பியூ லெதர்", "வீகன் லெதர்", "ஃபாக்ஸ் லெதர்" எல்லாம் பெரும்பாலும் துணியின் மேல் பிளாஸ்டிக் பூசியதுதான். புதிதில் தோலைவிடப் பளபளப்பாக இருக்கும். நம்மூர் வெயிலும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு உள்ளேயே சிதைந்து இரண்டு மூன்று வருடத்தில் காலரிலிருந்து அப்பளம் உதிர்வதுபோல் உதிரும். நாள் முழுக்கத் தோலில் கை வைத்து வேலை செய்கிற நானே கல்லூரிக் காலத்தில் ஒன்று வாங்கி ஏமாந்தேன், வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. கண்டுபிடிக்க ஒரே வழி ஓரத்தைப் பார்ப்பது. பாக்கெட்டின் உள் மடிப்பிலோ ஜிப் அடியிலோ வெட்டிய விளிம்பு எங்காவது தெரியும். தோல் என்றால் விளிம்பும் பின்பக்கமும் பஞ்சு பஞ்சாக நார் தெரியும். ரெக்சின் என்றால் பின்னல் துணி தெரியும். மூக்கை நம்பாதீர்கள், தோல் வாசனையை ஸ்ப்ரே அடித்துவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், முதல் பயணத்துக்குத் தோல் வேண்டாம். மழையில் நனைந்தால் கவலை, பெட்டியில் மடித்தால் கவலை, வீட்டுக்கு வந்ததும் ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும் என்ற கவலை.

5. அளவு எடுப்பது

உள்ளே போடப்போகிற ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மார்ச்சில் லாங் பஜாரில் ஸ்வெட்டரோடு நிற்பது கொடுமைதான், ஆனால் வெறும் சட்டைமேல் போட்டுப் பார்த்து வாங்கினால் அங்கே போய் ஸ்வெட்டர்மேல் ஜிப் ஏறாது. தெரிந்த ஒருவருக்கு அப்படித்தான் ஆனது.

போட்டுப் பார்க்கும்போது முதலில் தோள். தையல் கோடு உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். ஜிப்பை முழுக்கப் போட்டு, பைக் ஹேண்டிலைப் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். முதுகு இழுத்துப் பிடித்தால் ஒரு சைஸ் ஏற்றுங்கள். கையைத் தொங்கவிட்டால் கை நுனி மணிக்கட்டு எலும்பை மூட வேண்டும். கையைத் தூக்கினால் வயிறு தெரியக்கூடாது.

ஆன்லைனில் எடுப்பவர்கள் எஸ், எம், எல் எழுத்தை நம்பாமல் மார்பளவை இன்ச் டேப்பில் அளந்து அந்த விற்பனைப் பக்கத்தின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். நம் 40 இன்ச் என்பது ஐரோப்பிய அளவில் 50. அங்கே போய் வாங்க நேர்ந்தால் இந்த எண் உதவும்; எனக்கு அது தெரியாமல் விற்பனையாளர் 50 என்று நீட்டியதும் "நான் அவ்வளவு குண்டா?" என்று ஒரு நிமிடம் திகைத்துப்போனேன்.

ஆல்டரேஷனில் கை நீளம் குறைக்கலாம், பக்கவாட்டில் பிடிக்கலாம். 150 முதல் 400 ரூபாய் ஆகும், லைனிங் இருந்தால் கூடுதல். தோளை மட்டும் தொடாதீர்கள். எனக்குத் தைக்கும் பாய் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "தோள் உட்காரலைன்னா எங்கிட்ட கொண்டாராதீங்க தம்பி, கடைக்கே திருப்பிக் கொடுங்க." டேப் ஒட்டிய வாட்டர்ப்ரூஃப் ஜெர்கினை ஆல்டர் பண்ணவே கூடாது. புதுத் தையல் போட்ட இடத்தில் ஒழுகும்.

கடைசியாக ஒன்று. பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். அதன் அளவு 12.5-க்கு 8.8 சென்டிமீட்டர். உள்பக்கம் ஜிப் வைத்த பாக்கெட்டில் அது சிக்காமல் மடங்காமல் போகிறதா என்று அங்கேயே வைத்துப் பாருங்கள். செல்போன் அளவுக்குத் தைத்த பல உள் பாக்கெட்டுகளில் பாஸ்போர்ட் போகாது. இன்னொருவர் சொல்லி நான் தெரிந்துகொண்டதில் மிக உபயோகமானது இதுதான்.

6. எப்போது, எங்கே

இதுதான் வேலூர்க்காரருக்கு உண்மையான சிக்கல். ஏப்ரலில் போகிறவர் மார்ச்சில் கடைக்குப் போவார். மார்ச்சில் நம்மூர்க் கடைகளில் காட்டன் சட்டையும் அரைக்கால் டிரவுசரும்தான் தொங்கும். ஜெர்கின் சரக்கு கார்த்திகை வாக்கில் வரும், பொங்கல் தாண்டியதும் குறையும். நான் போனபோது மிச்சம் இருந்தது விற்காத தடியன்கள் மட்டும். அதனால் டிக்கெட் உறுதியாகாவிட்டாலும் ஜனவரியிலேயே வாங்கிவிடுங்கள். பொங்கல் முடிந்து பிப்ரவரி வரை ஆன்லைனில் குளிர்கால உடைகளுக்குத் தள்ளுபடியும் ஓடும்.

ஊரில் பார்ப்பதென்றால் லாங் பஜார், சாரதி மாளிகை ஒரு சுற்று, அப்புறம் பெரிய விளையாட்டு உடைக் கடைகள். கிடைக்கவில்லையா, சென்னையைவிட பெங்களூரு உத்தமம். அங்கே ஜெர்கின் வருடம் பூராவும் விற்கும், வகையும் அதிகம். காட்பாடியிலிருந்து காலை ரயிலில் போய் ராத்திரி திரும்பிவிடலாம். இரண்டாயிரம் ரூபாய் ஜெர்கினுக்குப் பெங்களூரு போவது வீண் என்று தோன்றினால் அங்கே வேறு வேலை இருக்கும் நாளோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் என்றால் புறப்படுவதற்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னால் ஆர்டர் போடுங்கள். வந்து சேர நாலைந்து நாள், அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பி மாற்று வர இன்னொரு வாரம், ஆல்டரேஷனுக்கு மூன்று நாள். இதில் தையல்காரர் நாளைச் சும்மா எண்ணாதீர்கள். இப்போதெல்லாம் ரம்ஜான் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. நோன்பு மாதத்தில் பண்டிகைத் துணி மலையாகக் குவிந்திருக்கும். உங்கள் ஜெர்கின் கையைக் குறைக்க யாரும் மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். தை மாதம் என்றால் கல்யாண சீசன். முன்பே போய்ச் சொல்லி வையுங்கள்.

7. விலையும் பில்லும்

நான் பார்த்த வரையில் சாதாரண விண்ட்சீட்டர் 800 முதல் 1,500 ரூபாய். காட்டன் பாம்பர் 1,500 முதல் 3,000. மெல்லிய பஞ்சு வைத்தது 1,800 முதல் 4,000. டேப் ஒட்டிய வாட்டர்ப்ரூஃப் 2,500-இல் தொடங்கி 6,000. நிஜ ஆட்டுத் தோல் 7,000-க்குக் கீழே யாராவது சொன்னால் விளிம்பை இரண்டு முறை பாருங்கள்.

வரியில் ஒரு கோடு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ரெடிமேட் துணிக்கு, ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். வரி தனியாகப் போடும் கடையில் 2,500 ரூபாய் ஜெர்கின் 2,625 ஆகும். 2,600 ரூபாய் ஜெர்கின் 3,068 ஆகும். நூறு ரூபாய் வித்தியாசம் 443 ஆகிவிடுகிறது. கொஞ்சம் பேரம் பேசி 2,500-க்குக் கொண்டுவர முடிந்தால் லாபம் உங்களுக்கு. அட்டையில் எம்ஆர்பி அச்சடித்திருந்தால் அதற்குள்ளேயே எல்லா வரியும் அடங்கியது. அதன் மேல் வரி கேட்டால் கொடுக்காதீர்கள்.

பில் விஷயத்தில் நான் முட்டாளானேன். வெளிநாடு அனுப்பும்போது எங்கள் கம்பெனியில் குளிருடைக்கு 3,000 ரூபாய் வரை தருவார்கள். கடையில் கொடுத்த சீட்டை அக்கவுன்ட்ஸில் நீட்டினேன். அந்த அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மேலே "எஸ்டிமேட்" என்று இருந்தது. பில் எண் இல்லை, கடையின் ஜிஎஸ்டி எண் இல்லை, ஏன், கடையின் பெயரே இல்லை. திரும்பக் கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "பில் வேணும்னா அப்பவே சொல்லியிருக்கணும், வரி சேர்த்துப் போடணும்" என்றார்கள். மூவாயிரமும் போனது. அந்தப் பஞ்சு ஜெர்கினை மாற்றக் கேட்கவும் கையில் ஆதாரம் இல்லை.

அதனால் பணம் கொடுப்பதற்கு முன்னால் சொல்லுங்கள்: "ஜிஎஸ்டி பில் வேணும்." அதில் தேதி, பில் எண், கடையின் ஜிஎஸ்டி எண், பொருளின் பெயர் நான்கும் இருக்க வேண்டும். கம்பெனியில் பணம் கேட்பவர்கள், பில் யார் பெயரில் வேண்டும் என்று அக்கவுன்ட்ஸில் முதலிலேயே கேட்டுக்கொண்டு போங்கள். மாற்றித் தருவது எத்தனை நாளுக்குள் என்று பில்லின் பின்பக்கம் எழுதச் சொல்லுங்கள். அட்டையை அறுக்காதீர்கள், அட்டை போனால் பெரும்பாலான கடையில் மாற்ற மாட்டார்கள். பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். வெப்பத்தில் அச்சாகும் அந்த வழவழப்பான சீட்டு பீரோவில் இருந்தே நாலு மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும்.

"விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று பலகை மாட்டியிருப்பார்கள். அளவு பிடிக்கவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்றால் அது அவர்கள் இஷ்டம். ஆனால் பொருளில் குறை இருந்தால் கதை வேறு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன நாளுக்குள், எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படித்தான். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கடையில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றிருப்பேன்.

8. புறப்படும் நாள்

ஜெர்கினைப் பெட்டியில் வைக்காதீர்கள், கையில் வையுங்கள். விமானத்துக்குள் ஏசி குளிரும், இறங்கியதும் விடியற்காலையாக இருந்தால் பெட்டி வருவதற்கு முன்னாலேயே தேவைப்படும். கைப்பை 7 கிலோ, 8 கிலோ என்று நிறுத்துப் பார்க்கும் விமானங்களில் உடம்பில் போட்டிருப்பதை எடையில் சேர்ப்பதில்லை. சார்ஜர், மாத்திரை, பேனா எல்லாவற்றையும் ஜெர்கின் பாக்கெட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். பாதுகாப்புச் சோதனையில் ஜெர்கினைக் கழற்றி டிரேயில் வைக்கச் சொல்வார்கள். அதற்கு முன் பாஸ்போர்ட்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

வேலூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் வண்டியில் போகும்போது மட்டும் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். வழியனுப்ப வந்தவர்கள் போட்டோவுக்காகப் போடச் சொல்வார்கள். எடுத்ததும் கழற்றிவிடுங்கள்.

9. திரும்பி வந்த பிறகு

துவைப்பதற்கு உப்புத் தண்ணீர் வேண்டாம். போர் தண்ணீரில் அலசிய கறுப்பு நைலானில் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். கடைசி அலசலாவது நல்ல தண்ணீரில் இருக்கட்டும். சோப்புத் தூள் குறைவாக. கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் ஊற்றவே கூடாது, தண்ணீர் உருண்டோடும் பூச்சு கெட்டுப்போகும். பிழியாமல், நிழலில், உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காயப்போடுங்கள். மொட்டை மாடி வெயிலில் ஒரு மத்தியானம் கிடந்தால் கருநீலம் சாம்பலாகும். பஞ்சு வைத்தது என்றால் அரைகுறையாகக் காயும்போது எடுத்து இரண்டு கையாலும் தட்டி உதறுங்கள், கட்டிய பஞ்சு பிரியும்.

பீரோவில் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள், வியர்க்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி ஹேங்கரில் தொங்கவிட்டால் போதும். அங்கே 60 யூரோவுக்கு வாங்கியதை இப்போது ஏலகிரி போகும்போது போடுகிறேன். கிளம்பும்போது பைக் பெட்டியில் சுருட்டி வைத்திருப்பேன். மலை ஏறத் தொடங்கி ஏழெட்டு வளைவு தாண்டியதும் எடுத்து மாட்டினால் சரியாக இருக்கும். அந்த 1 கிலோ 350 கிராமை எங்கள் தெரு இரவுக் காவலாளித் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டேன். மார்கழியில் அவர் அதைப் போட்டுக்கொண்டு கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "தம்பி, இது கம்பளி மாதிரி இருக்குதுப்பா" என்கிறார்.